சகலன் பூட்டிய சிப்

சகலனுடைய கை நகங்கள் சுத்தமாக இருந்தன. எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதுதான். கட்டாரிலிருந்து திரும்பி வந்து எங்கள் கராஜில் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, பையிலிருந்து ஒரு சோடி கறுப்பு ரப்பர் கையுறையை எடுத்து, ஒப்பரேஷனுக்குப் போகிற டொக்டரைப் போல விரல் விரலாக இழுத்து மாட்டினான். கராஜில் நின்ற எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். நான் என் கைகளைப் பார்த்தேன். பத்தொன்பது வருடக் கறுப்பு. சவர்க்காரம், மண்ணெண்ணெய், மணல் எது போட்டுத் தேய்த்தாலும் போகாது. அதுவரைக்கும் அந்தக் கறுப்பு எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று பத்து மணிக்குள் அது அழுக்காகிப் போனது.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். எனக்குச் சகலன். வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மனைவி ஒரு மாதம் விடாமல் சொன்னாள். கடைசியில் நான் போய் ஹாஜியாரிடம் கேட்டேன். கராஜ் ஹாஜியாருடையது. உட்துறைமுகப் பக்கம், கடலிலிருந்து கல்லெறி தூரம். நான் அங்கே சேருவதற்கு முன் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பார்த்தவன். படகில் உப்புத்தான் எதிரி. வயர் இணைகிற ஒவ்வொரு பிளக்கிலும் கிரீஸை அப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துப் போகும். அந்தப் பழக்கத்தை நான் கராஜுக்குக் கொண்டுவந்தேன். சர்வீஸுக்கு வருகிற எந்தக் கார் என்றாலும் பொனற்றைத் திறந்து, பிளக், சென்சர் எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸ் பூசித்தான் திரும்ப மாட்டுவேன். ஹாஜியார் வருகிறவர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். "எங்கட கராஜில கை வெச்ச வாகனத்துக்கு உப்புப் பிடிக்காது, வாப்பா." சனமும் அதைக் கேட்டே வந்தது. அது என்னுடைய பெயர். நான் சம்பாதித்த பெயர்.

சகலன் வந்து மூன்று மாதத்தில் சனம் வேறு பெயரைக் கேட்கத் தொடங்கியது. "அந்த லப்டொப் மாஸ்டர் நிக்கிறாரோ?" என்று கேட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். அவன் லப்டொப்பை வைத்தது என் ஸ்பனர்கள் கிடக்கிற வாங்கில். ஒரு வயரைக் காரில் சொருகிவிட்டுக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, திரையில் ஓடுகிற கோடுகளைப் பார்த்துக்கொண்டு சீட்டியடிப்பான். நான் அடியில் படுத்து அரை நாள் தேடுகிற பழுதை அவன் பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் சொல்லுவான். சொல்லிவிட்டு வாயை மூடுகிற ஆளும் இல்லை. "அண்ண, நீங்கள் காரோட மல்லுக்கட்டுறீங்கள். நான் அதிட்ட கேக்கிறன்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். மனைவி அதை எடுத்து மூடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமியார் வீட்டில் சாப்பிடும்போது அவனுக்கு மீன்தலை போனது. முன்பு எனக்கு வந்த தலை. ஒரு மீன்தலைக்கு எரிந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்தேன்.

நோன்பு தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முழங்கால் இரண்டும் போய்விட்டன, இனிக் கிண்ணியாவிலிருந்து தினம் வந்து போக ஏலாது என்றார். மகன்மார் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள். பெருநாள் முடிந்ததும் கராஜின் சாவியை எங்களில் ஒருவரிடம் கொடுக்கப் போகிறார். அந்த ஒருவர் கராஜை நடத்துவார், மற்றவர் அவருக்குக் கீழே வேலை செய்வார். "எனக்கு ரெண்டு பேரும் மகன்மார்தான். ஆரிட்டக் குடுக்கிறதெண்டு நான் இன்னும் முடிவெடுக்கல்ல" என்றார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு "இன்னும் முடிவெடுக்கல்ல" என்ற வார்த்தையைக் கேட்பது எப்படி இருக்கும் என்று கேட்டவனுக்குத்தான் தெரியும். சகலன் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த நாட்களில்தான் லேடி டொக்டரின் கார் வந்தது. சின்ன ஜப்பான் கார், டர்போ வைத்தது. டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறுகிற புகையின் வேகத்தில் சுற்றுகிற ஒரு சிறு காற்றாடி. அது சுற்றினால் எஞ்சினுக்குள் காற்று அதிகம் போகும், சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் போல இழுக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் குறைவு, காற்றாடியும் சோம்பலாக இருக்கும். அதனால் மிதித்தவுடன் கொஞ்சம் தயங்கி, பிறகு பாயும். கொஞ்சம் தயங்குவது அந்த வகைக் காரின் பிறவிக் குணம். டொக்டரின் கார் கொஞ்சம் அல்ல, நன்றாகவே தயங்கியது.

"கார் யோசிக்குது" என்றார் டொக்டர். அவருக்கு வீடு உவர்மலையில். "நேற்று இறக்கத்தால வந்து பெரிய ரோட்டில ஏறுறன். லொறி ஒண்டு ஹோர்ன் அடிச்சபடி வருகுது. நான் மிதிக்கிறன், கார் அசையுதில்லை. பின் சீட்டில பிள்ளை. நீங்கள்தானே போன மாதம் சர்வீஸ் செய்தனீங்கள்?"

செய்தது நான்தான். அதனால் நானே பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் அந்தக் காரோடு கிடந்தேன். காற்று வடிகட்டி மாற்றினேன். ரப்பர் குழாய் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். பிளக், சென்சர் எல்லாவற்றையும் கழற்றி, இன்னொரு முறை கிரீஸ் பூசி மாட்டினேன். எங்கள் கராஜில் காரைப் பரீட்சிப்பது உவர்மலை ஏற்றத்தில். ஏற்றத்தின் அடியில் நிறுத்தி, பிறகு மிதித்து ஏற்ற வேண்டும். சுகமான கார் மூச்சுவிடாமல் ஏறும். டொக்டரின் கார் ஒவ்வொரு முறையும் அடியிலேயே நின்று யோசித்தது. பின்னால் வந்த ஓட்டோக்காரன், "அண்ண, இறங்கித் தள்ளட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

பதின்மூன்றாம் நாள் ஹாஜியார், "தம்பியிட்டக் குடு, மகன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

சகலன் லப்டொப்பைச் சொருகி, அக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துத் திரையைப் பார்த்தான். அன்று சீட்டியடிக்கவில்லை. பிறகு பொனற்றுக்குள் தலையை விட்டு நெடுநேரம் நின்றான். நான் தூரத்தில் வேறு காரோடு மெனக்கெடுவதுபோல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சீலைத் துண்டை எடுத்து எதையோ துடைத்துக் குப்பைக்குள் போட்டது மட்டும் தெரிந்தது. பிறகு அலுமாரியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வயரில் பூட்டினான். அதைத்தான் சிப் என்பது. உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கிற சென்சருக்கும் காரின் மூளைக்கும் நடுவில் அது உட்காரும். சென்சர் சொல்லுவதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லி, காற்றாடியை முன்கூட்டியே வேகமாகச் சுற்ற வைக்கும். கட்டாரில் அவன் இருநூறு காருக்காவது பூட்டியிருப்பதாகச் சொன்னான். பூட்டியபின் டொக்டரைக் கூப்பிட்டு, ஏற்றிக்கொண்டு உவர்மலைக்குப் போனான். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். டொக்டர் கதவைத் திறக்கும்போதே சிரித்தார். "யோசனை எல்லாம் போயிட்டுது!"

கராஜ் முழுவதும் அதே கதை. என் பன்னிரண்டு நாளை அவன் ஒரு காலையில் தின்றுவிட்டான். அந்தப் பெட்டியை நினைத்து நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை. அவன் கையில் இருந்தது கெட்டித்தனமா, அல்லது கடையில் வாங்கக்கூடிய ஒரு பெட்டியா? பெட்டி என்றால் அதைக் கழற்றினால் கார் பழையபடி நிற்கும். நிற்காவிட்டால் பெட்டி சும்மா, டொக்டரை ஏமாற்றி விற்றிருக்கிறான். எப்படியும் எனக்கு லாபம் என்று கணக்குப் போட்டேன். நின்றால், பெட்டி இல்லாமல் அவன் ஒன்றுமில்லை என்று சொல்லலாம். நிற்காவிட்டால், கள்ளன் என்று சொல்லலாம். பொறாமை பிடித்தவனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது டொக்டர் ஒயில் மாற்றக் காரை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் சகலன் சாப்பிட வீட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சிப்பைக் கழற்றினேன். அவசரத்தில் கிரீஸ்கூடப் பூசாமல் பழையபடி வயரைச் சென்சரில் சொருகி, உவர்மலைக்கு ஓட்டினேன். அடியில் நிறுத்தினேன். மிதித்தேன். கார் ஏறியது. ஒரு சொட்டு யோசனை இல்லை. திரும்ப இறக்கிக்கொண்டு வந்து இன்னொரு முறை ஏற்றினேன். ஏறியது. காருக்குள் தனியே இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பின்னேரம் டொக்டர் காரை எடுக்க வந்தபோது ஹாஜியாரும் இருந்தார், மற்ற வேலைக்காரர் இருவரும் இருந்தார்கள், சகலனும் வந்துவிட்டான். நான் சட்டைப் பையிலிருந்து சிப்பை எடுத்துப் பொனற்றில் வைத்தேன்.

"டொக்டர், இது உங்கட கார்ச் சிப். மத்தியானமே கழட்டிப்போட்டன். ரெண்டு தரம் உவர்மலை ஏத்திப் பாத்தனான். இது இல்லாமலே குதிரை மாதிரி ஏறுது. தேவையில்லாத சாமானை உங்கட தலையில கட்டியிருக்கிறார் எங்கட மாஸ்டர்."

சகலன் சிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "அண்ணன் சொல்லுறது சரி டொக்டர். இது இல்லாமலும் ஓடும். இருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா ஓடும், அவ்வளவுதான்" என்றான்.

டொக்டர் படித்தவர். விடவில்லை. "அப்ப முந்தி ஏன் ஓடேல்ல?"

சகலன் திரும்ப என்னைப் பார்த்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நீண்ட நேரம் பார்த்தான். மாட்டிக்கொண்டவனின் முழி என்று நினைத்தேன்.

"வயர் ஒண்டு லூசாக் கிடந்தது, டொக்டர். அதையும் இறுக்கினனான். சொல்லாமல் விட்டது என்ர பிழை."

"லூஸ் வயர்!" என்று நான் கையைத் தட்டினேன். "லூஸ் வயரை இறுக்கிப்போட்டு சிப் வித்திருக்கிறார்!"

ஹாஜியார் எழும்பி உள்ளே போய்விட்டார். டொக்டர் சாவியை வாங்கிக்கொண்டு போனவர்தான், பிறகு எங்கள் கராஜுக்கு வரவில்லை. பெருநாள் முடிந்து சாவி என் கைக்கு வந்தது. அதற்கு முன்பே சகலன் பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டான். மனைவியோடு வவுனியாவுக்குப் போய் ஒரு கராஜில் சேர்ந்தான். என் மனைவிக்கு ஒரே தங்கை. லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவள். அவள் போன பிறகு என் மனைவி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். சோற்றுக்கு ஆணம் வைக்கிறதா, சொதி வைக்கிறதா. அவ்வளவுதான் கதை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என்னிடம் சாவி இருந்தது.

இரண்டு வருடம் போனது. போன மாரிக்குத் திரியாயிலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் டர்போ கார் கொண்டுவந்தார். மூன்று கிழமைக்கு முன் நான் சர்வீஸ் செய்த கார். "இப்ப மிதிச்சா இழுக்குதில்லை, தம்பி. உங்களிட்ட வரமுந்தி நல்லா ஓடினது" என்றார். சகலன் சொன்னது ஞாபகம் வந்து லூஸ் வயரைத் தேடினேன். ஒரு வயரும் லூஸ் இல்லை. இரண்டாம் நாள் காற்று அழுத்தச் சென்சரைக் கழற்றினேன். அதுவரை புதுக் கார்கள் சிலவற்றில் கழற்றியிருக்கிறேன், கிரீஸ் பூசியிருக்கிறேன். அதன் மூக்கில் கடுகளவு துவாரம் ஒன்று இருப்பதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. காற்று அந்தத் துவாரத்தால்தான் உள்ளே போய்ச் சென்சருக்குச் செய்தி சொல்ல வேண்டும். துவாரம் அடைத்துக் கிடந்தது. சிவப்புக் கிரீஸ். என்னுடைய தகரத்துக் கிரீஸ். மூக்கைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்துக்குப் பூசினது வழிந்து உள்ளே போயிருக்கிறது. பழைய கார்களுக்கு இந்தச் சென்சரே இல்லை, அதனால் பத்தொன்பது வருடம் என் பழக்கம் ஒருவருக்கும் கெடுதி செய்யவில்லை. ஊசியால் கிண்டி, கழுவித் துடைத்து மாட்டினேன். உவர்மலை அடியில் நிறுத்தி மிதித்தேன். கார் பாய்ந்தது.

மேலே போய் ஓரமாக நிறுத்தினேன். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. டொக்டரின் காருக்கு உப்பு எதிரி இல்லை, நான்தான் எதிரி. பின் சீட்டில் பிள்ளையோடு அந்த மனுசி லொறிக்கு முன்னால் நின்றது என் கையால். பன்னிரண்டு நாள் தேடினேன் என்றேனே, அதற்குள் அதே சென்சரை எடுத்து இன்னும் கொஞ்சம் கிரீஸ் அப்பிச் சொருகியிருக்கிறேன். சகலன் சீலைத் துண்டால் துடைத்தது அதை.

முதலில் எனக்கு ஒரு ஆறுதல் கிடைத்தது. சிப்புக்குப் பெயர் வரட்டும் என்றுதான் அவன் வாயை மூடியிருப்பான், அவனும் யோக்கியன் இல்லை என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் அந்தப் பின்னேரம்? சிப் பொனற்றில் கிடக்கிறது, நான் அவனைக் கள்ளன் ஆக்கிவிட்டேன், டொக்டர் கேள்வி கேட்டுவிட்டார். "அண்ணன்ர கிரீஸ்" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் சாவி அவனுக்கு. அவன் இல்லாத ஒரு வயரைச் சொன்னான். அந்த ஆறுதலும் போனபோது எனக்கு வந்தது நன்றி இல்லை. கோபம்தான் வந்தது. கெட்டித்தனத்திலும் என்னை விட மேல், இதிலுமா மேல்?

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கே தங்கச்சி சொன்னவள். கிரீஸ் அடைச்சுக் கிடந்ததாம். அவர் ஒருத்தரிட்டயும் சொல்லாதை எண்டவராம்."

"ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

"சொன்னா நம்புவீங்களோ? அவன்ர பெண்சாதி கட்டின கதை எண்டிருப்பீங்கள்." துருவுவதை நிறுத்தினாள். "வேலை வாங்கித் தந்தவரை நாலு பேருக்கு முன்னால எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது எண்டு கேட்டவராம். இப்ப நீங்கள் என்ன செய்யப் போறீங்கள்?"

சத்தியமாக, ஒன்றும் செய்யாமல் இருக்கலாம் என்றுதான் யோசித்தேன். தெரிந்தவர்கள் மூன்று பேர், மூவரும் குடும்பம். கிரீஸ் பூசுவதை நிறுத்திவிட்டால் போதும். ஐந்து நாள் அப்படியே போனது. அந்த ஐந்து நாளும் கராஜைத் திறக்கும்போது ஒவ்வொரு முறையும் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறாம் நாள் பஸ் பிடித்துக் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிக்குப் போனேன், ஹாஜியார் வீட்டுக்கு.

அவர் கால் இரண்டையும் நீட்டிக் கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கிரீஸ், லொறி, சிப், பொய் வயர். இடையில் நிறுத்தினால் மிச்சத்தை விழுங்கிவிடுவேன் என்று ஒரே மூச்சாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எங்கட கிரீஸ்" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். பிறகு போனை எடுத்துச் சகலனுக்கு அடித்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மகன், திரும்பி வாறியா? சாவிக்கு இன்னொண்டு வெட்டுவம். ரெண்டு பேரும் ஒண்டா நடத்துங்க, கீழ மேல வேணாம்."

அந்தப் பக்கம் ஸ்பனர் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "அண்ணன் பக்கத்தில நிக்கிறாரோ ஹாஜியார்?"

"இருக்கான்."

"அவர் கூப்பிட்டா வாறன்."

ஹாஜியார் போனை என் பக்கம் நீட்டினார். உள்ளே அவருடைய பேத்தி குர்ஆன் ஓதுகிற சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வழி இருந்தது. பேசாமல் இருந்தாலே போதும்.

"தம்பி" என்றேன். "அது என்ர கிரீஸ்."

"தெரியும் அண்ண. இதைச் சொல்ல ரெண்டு வருசமோ? உங்களுக்கும் ஒரு சிப் பூட்டவேணும் போல கிடக்கு."

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்போதும் அவன் பேச்சுக்குத்தான் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் சொன்னேன். "வா."

அவன் வந்து ஐந்து மாதம் ஆகிறது. என் மனைவியும் தங்கையும் பின்னேரத்தில் ஒழுங்கையில் நின்று கதைக்கிறார்கள். டொக்டர் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போய், வெளிநோயாளர் வரிசையில் இலக்கத் துண்டு எடுத்து நின்று, அவரிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ" என்றார். அது எனக்குச் சரிதான். சகலனிடம் கொஞ்சம் படித்திருக்கிறேன், லப்டொப்பில் ஓடுகிற நாலு கோட்டில் இரண்டு விளங்குகிறது. திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய். நேற்றுக் காலை நிலாவெளிப் பக்கமிருந்து ஒருவர் புதுக் காரோடு வந்து, வாசலில் நின்ற என்னிடம் நேராக வந்தார். மனசு நிமிர்ந்தது. "அண்ண, அந்த மாஸ்டர் எங்க?" என்றார். உள்ளே கையைக் காட்டினேன். பிறகு பக்கத்தில் நின்ற வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அந்த வேனில் ஒரு பழுதும் இல்லை. என் முகத்தைச் சகலன் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.